கல்லூரி நூலகத்தின் இணைய வாசலைத் திறந்துவைப்போம்

அரசுக் கல்லூரி மாணவர்கள் உலகின் முன்னணி ஆய்விதழ்களைக் கட்டணமின்றிப் படிப்பதற்காக மத்திய அரசு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்க 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 கோடி ரூபாயைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. படிக்க வேண்டிய பொருளும் வாங்கியாயிற்று; படிப்பதற்கான கருவியும் கைக்கு வருகிறது. இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் கல்லூரி நூலகத்தின் இணையதளம். நான் பார்த்தவரை, நம் கல்லூரிகள் பலவற்றில் கவனிப்பாரற்றுக் கிடப்பது அந்த இடம்தான்.

வரலாற்றுத் துறையில் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டுவது என் வேலை. ஆண்டுதோறும் டிசம்பர் பிறந்ததும் 'சார், மெட்டீரியல் கிடைக்கல' என்ற குரல் தொடங்கிவிடும். மாணவர்களின் சோம்பல் என்று நினைத்துக் கோபப்பட்டவன்தான் நானும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என் எண்ணத்தை மாற்றினார்.

டேங்க் என்றால் தொட்டியா?

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர் அவர். குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். 'எங்க ஊர் கம்மாயைப் பத்தி எழுதுறேன் சார். எங்க தாத்தாதான் மடை திறந்து தண்ணி பாய்ச்சினவரு' என்றார். இதைவிட நல்ல தலைப்பை நான் கொடுத்திருக்க முடியாது. சரி என்றேன்.

ஒரு வாரம் கழித்து, ஆறு நூல்களும் கட்டுரைகளும் கொண்ட பட்டியலோடு வந்தார். ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழின் பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் பிசிறில்லாமல் இருந்தன. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய பட்டியல். ஒரு பிற்பகல் முழுக்க இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினோம். ஆறில் நான்கு உலகத்திலேயே இல்லை. இதழ் உண்டு, அந்தத் தொகுதியில் அப்படி ஒரு கட்டுரை கிடையாது. ஆசிரியர் உண்டு; அவர் அப்படி ஒரு நூலை எழுதியதே இல்லை. 'பக்க எண்கூடப் போட்டிருக்கே சார்' என்றபோது அவர் குரல் கம்மிவிட்டது.

நியூயார்க்கில் 2023ஆம் ஆண்டு, இதேபோல் செயலி கொடுத்த, நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தொழிலில் பழுத்தவர்களே ஏமாந்த இடத்தில், முதல்முறை ஆய்வு எழுத வரும் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'நம்ம காலேஜ் லைப்ரரி வெப்சைட்ல பாத்தியாம்மா?' என்று கேட்டேன். 'பாத்தேன் சார். ஒண்ணும் இல்லைன்னு வருது.' தேடல் பெட்டியில் கண்மாய் என்பதை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார். வந்த விடை பூஜ்யம். 'டேங்க் இரிகேஷன்னு போட்டுப் பாரு' என்றேன். தயங்கினார். 'டேங்க்னா மாடியில வைக்கிற தண்ணித் தொட்டிதானே சார்?'

அந்தக் கேள்வியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. வட மாவட்டத்து ஏரி, பாண்டிச் சீமையின் கண்மாய், நெல்லைப் பக்கத்துக் குளம் எல்லாவற்றையும் வெள்ளைக்கார அதிகாரிகள் 'டேங்க்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துப் பதிவேடுகளில் எழுதினார்கள். ஆய்வுலகம் இன்றுவரை அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கண்மாய்க் கரையிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு, தன் கண்மாயைப் பற்றி எழுதப்பட்டவை எந்தப் பெயரில் ஒளிந்திருக்கின்றன என்று தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுப்பது யார் பொறுப்பு?

அந்தச் சொல்லைத் தட்டியதும் டேவிட் மோஸ் 2003இல் எழுதிய 'தி ரூல் ஆஃப் வாட்டர்' வந்து நின்றது. தென் தமிழகத்துக் கண்மாய்களையும் அவற்றின் தண்ணீர் மீது யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதையும் ஆராய்ந்த முக்கியமான நூல். ஆனால் அதன் தலைப்பிலோ துணைத்தலைப்பிலோ கண்மாயும் இல்லை, டேங்க்கும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. பதிவைத் தயாரித்த நூலகர், 'பொருள்' என்ற இடத்தில் டேங்க் பாசனம், தமிழ்நாடு என்று பொறுப்பாகக் குறித்துவைத்ததால் மட்டுமே அது எங்கள் கண்ணில் பட்டது.

நூலின் வகைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போனோம். கணினியிலிருந்து முப்பது அடி தூரம்கூட இல்லை. பின் அட்டையின் உள்ளே ஒட்டியிருந்த தேதித் தாளில் ஒரு முத்திரைகூட விழவில்லை. அதே தட்டில் பாசனம் பற்றி இன்னும் ஐந்து நூல்கள். வரலாற்று அலமாரியில், ராஜாராம் ராவ் 1889இல் தொகுத்த ராமநாதபுரம் சமஸ்தானக் கையேட்டின் நகல். அந்த மாணவி தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

மூன்று வாசல்கள்

நூலக இணையதளம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது திறப்பு விழாப் படமும் வேலை நேரமும்தான். ஆய்வுக்கு வருபவருக்கு அங்கே மூன்று வாசல்கள் வேண்டும். முதலாவது, நூலகத்தில் என்னென்ன நூல்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று சொல்லும் நூற்பட்டியல். இரண்டாவது, சந்தா கட்டிய ஆய்விதழ்களுக்கும் மின்னூல்களுக்கும் போகும் வழி. மூன்றாவது, ஆய்வேடுகளும் பழைய நூல்களும் இலவசமாகக் கிடைக்கும் களஞ்சியங்களின் பட்டியல்.

கூகுளில் தேடினால் போதாதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கூகுள் காட்டுவது கட்டுரையின் பெயரையும் சுருக்கத்தையும். உள்ளே போனால் பணம் கேட்கும். ஒரே ஒரு கட்டுரைக்கு 30 டாலருக்கு மேல் விலை சொல்வது பெரிய பதிப்பகங்களிடம் சாதாரணம். ஒரு மாணவரின் ஒரு மாத விடுதிச் சாப்பாட்டுச் செலவு அது. அதே கட்டுரை கல்லூரி நூலகத்தின் வழியாகப் போனால் காசில்லாமல் திறக்கும்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது. சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அந்த மனிதரை உலகமே நூலகவியலின் ஆசானாகக் கொண்டாடுகிறது. அவர் மண்ணில் ஒரு மாணவி ஒரு வாரத்தைத் தொலைத்துவிட்டு நிற்பதைப் பார்க்க எனக்கு வலிக்கிறது.

பணம் கட்டியாயிற்று, சாவி யாரிடம்?

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 30 பெரிய பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300 நிறுவனங்கள். பயனடைய வேண்டியவர்கள் 1.8 கோடிப் பேர். கணக்குப் போட்டால் ஓர் ஆண்டில் தலைக்குச் சுமார் 1,100 ரூபாய். ஒருவர் ஆண்டுக்கு ஒரு கட்டுரை படித்தால்கூட அந்தப் பணம் திரும்பிவிடும்.

இந்த இதழ்கள் கல்லூரி வளாகத்தின் இணைய இணைப்பில் திறக்கும். வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ திறக்க, காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் 'இன்ஃபெட்' என்ற நுழைவு ஏற்பாட்டை வைத்திருக்கிறது. கல்லூரி அதில் பதிவுசெய்து, மாணவர்களுக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டாக்கித் தர வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் வேலை. ஆனால், யாராவது ஒருவர் இதைத் தன் வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும்.

வளாகத்துக்குள் மட்டும் திறந்தால் போதும் என்று சில முதல்வர்கள் நினைக்கிறார்கள். அரசுக் கல்லூரி மாணவரின் ஒரு நாளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முதல் சுழற்சி மாணவர் மதியம் பேருந்தைப் பிடித்து ஓடுவது ஜவுளிக்கடை வேலைக்கு. இரண்டாவது சுழற்சி மாணவி ஊர் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். அவர்கள் உட்கார்ந்து படிக்கும் நேரம் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் நூலகம் பூட்டியிருக்கும். இணைய வாசல் திறந்திருக்க வேண்டும்.

இதே இன்ஃப்லிப்நெட் மையம், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தர 2010 முதல் நடத்திவரும் 'என்-லிஸ்ட்' திட்டத்திலும், உறுப்பினராகச் சேர்ந்த கல்லூரியின் ஒவ்வொரு மாணவரும் தனிக் கடவுச்சொல் பெற முடியும். நான் போன கல்லூரிகளில் இதைப் பற்றிக் கேட்டபோது, ஆசிரியர்களில் சிலரிடம் கடவுச்சொல் இருந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் 'நாக்' குழு வரும்போது பயன்பாட்டுக் கணக்கு காட்டுவதற்காக எடுத்த சந்தா, குழு போனதும் மறந்துபோகிறது.

குறுக்கு வழிகளும் அடைபட்டுவருகின்றன. பதிப்புரிமை வழக்கில், கட்டண ஆய்வுக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தந்துவந்த சை-ஹப் இணையதளத்தை இந்தியாவில் முடக்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்ட்டில் உத்தரவிட்டது. அறிவியல் துறை ஆய்வாளர்கள் எத்தனை பேர் அதை நம்பியிருந்தார்கள் என்பது ஊரறிந்த செய்தி. சட்டப்படி சரியான வழியை எளிதாக்கித் தராமல் மற்ற வழிகளை மட்டும் அடைத்தால், பாதிக்கப்படுவது வசதியில்லாத மாணவர்தான்.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். 'ஒரே நாடு ஒரே சந்தா' இப்போதைக்கு அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் எண்ணிக்கையில் அதிகம் இருப்பவை தனியார் கல்லூரிகள். அங்கே படிக்கும் ஏழை மாணவர்களும் இந்த மாநிலத்துப் பிள்ளைகள்தான்.

தமிழில் தட்டினால் பூஜ்யம்

ஆங்கில நூல்களுக்காவது வழி உண்டு. தமிழ் நூல்களின் நிலை இன்னும் மோசம். நம் கல்லூரிகள் பலவற்றின் நூற்பட்டியலில் தமிழ் நூல்களின் பெயரை ஆங்கில எழுத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். சிலப்பதிகாரம் 'எஸ்' எழுத்தில் தொடங்கும் ஒரு பதிவில், 'சி' எழுத்தில் இன்னொரு பதிவில். நடுவில் 'த'வுக்கு 'டிஎச்' போட்டவர் ஒருவர், வெறும் 'டி' போட்டவர் ஒருவர். நீலகண்ட சாஸ்திரியின் புகழ்பெற்ற சோழர் வரலாற்றின் ஆங்கிலத் தலைப்பில் 'சோழ' என்பது 'எச்' எழுத்து இல்லாமல் இருக்கிறது. செய்தித்தாளில் பார்த்த எழுத்துக்கூட்டலைத் தட்டும் மாணவருக்கு அந்த நூல் அகப்படாமல் போகலாம்.

தமிழிலேயே ஏற்றிய இடங்களிலும் தொல்லை உண்டு. ஒருங்குறி வருவதற்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் ஏற்றிய பதிவுகள் இன்றைய தேடல் பெட்டிக்குப் பிடிபடுவதில்லை. ஒருங்குறியைப் பயன்படுத்தத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஆணையிட்டது. பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதற்கு மென்பொருள் வாங்கப் பணம் தேவையில்லை. நியூசிலாந்தில் ஒரு சிற்றூர் நூலகத்துக்காக உருவாகி 2000இல் பயன்பாட்டுக்கு வந்த 'கோஹா' என்ற நூலக மென்பொருள் இலவசம். ஒருங்குறித் தமிழை அது நன்றாகவே கையாளும். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. நம் கல்லூரிகள் பல ஏற்கெனவே அதைத்தான் வைத்திருக்கின்றன. தேவைப்படுவது, ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்துத் தலைப்பைத் தமிழிலேயே தட்டும் மனிதக் கைகள்.

தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் மாணவர்களுக்கு அந்த 13,000 இதழ்களில் தமிழில் கிடைப்பது சொற்பம். அவர்களுக்கான புதையல் வேறு இடங்களில் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாக இலவசமாகக் கிடைக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களிலிருந்து உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களை நெருப்புக்குக் கொடுத்த ஈழத்துச் சமூகம், 2005 முதல் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தன்னார்வ உழைப்பால் கட்டி எழுப்பியிருக்கிறது. நம் கல்லூரித் தளங்களில் இந்த மூன்றுக்கும் இணைப்பு கொடுக்க ஐந்து நிமிடம் போதும். தேடிப் பாருங்கள், எத்தனை தளங்களில் இருக்கிறது என்று.

ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்கள்

மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது 'ஷோத்கங்கா'. இந்தியப் பல்கலைக்கழகங்களின் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இயல் இயலாகப் பிரித்து ஏற்றப்பட்டிருக்கின்றன. பதிவு தேவையில்லை, பணம் தேவையில்லை. அதில் ஒரு சங்கடம், தமிழ் ஆய்வேடுகள் பல படமாகவோ பழைய எழுத்துருவிலோ இருப்பதால் உள்ளே இருக்கும் சொல்லைத் தேட முடியாது. தலைப்பை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

பிடித்த பிறகு எங்கே படிக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். மாணவர்கள் நேராக நடு இயல்களுக்குப் போய்ப் பத்தி பத்தியாக எடுத்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி எழுத வேண்டும். 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். நான் சொல்வது, கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள் என்று. முன்னால் ஒருவர் நான்கைந்து ஆண்டுகள் அலைந்து சேர்த்த நூல்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு உங்கள் கல்லூரி நூற்பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கண்மாய் மாணவி அப்படித்தான் ஒரே வாரத்தில் முப்பத்தொரு தலைப்புகளைச் சேர்த்தார்.

கட்டுரை உண்மையானதா என்று சோதிக்கவும் எளிய வழி உண்டு. இன்றைய ஆய்விதழ்க் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு 'டிஓஐ' என்ற நிரந்தர அடையாள எண் இருக்கிறது. அந்த எண்ணை இணையத்தில் இட்டால் கட்டுரையின் பக்கம் திறக்க வேண்டும். திறக்காவிட்டாலோ வேறு கட்டுரைக்குப் போனாலோ அந்த மேற்கோளை நம்பாதீர்கள். பழைய தமிழ் இதழ்களுக்கு இந்த எண் இருக்காது. அங்கே இதழைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஆய்விதழ்களைத் தரம் பிரித்துவந்த மானியக் குழுவின் 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களிலிருந்து மாணவரைக் காப்பாற்றும் பொறுப்பு இப்போது கல்லூரியின் தலையில்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

கல்லூரி நூலகத் தளத்தின் முதல் பக்கத்தில் ஒரு தேடல் பெட்டி, அதன் கீழே நான் சொன்ன மூன்று வாசல்கள், நூலகரின் தொலைபேசி எண். இவ்வளவு இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். அது கைபேசியில் சரியாகத் திறக்க வேண்டும், தமிழில் இருக்க வேண்டும். மடிக்கணினி கொடுக்கும் நாளிலேயே நூலகக் கடவுச்சொல்லையும் கையில் கொடுத்து, அந்த இடத்திலேயே ஒருமுறை நுழைந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

நூலகர் பணியிடங்கள் காலியாக உள்ள அரசுக் கல்லூரிகளில் அவற்றை உடனே நிரப்ப வேண்டும். ஆங்கில எழுத்தில் இருக்கும் தமிழ்ப் பதிவுகளைத் தமிழுக்கு மாற்ற உயர்கல்வித் துறை இரண்டு ஆண்டுக் காலக்கெடு வைக்கலாம். நூலகவியல் பட்டதாரிகள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். உதவித்தொகை கொடுத்தால் செய்து முடிப்பார்கள். ஒரு கல்லூரி மாற்றிய பதிவை மற்றக் கல்லூரிகள் அப்படியே எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தால் வேலை பாதியாகக் குறையும்.

தனியார் கல்லூரி மாணவர்களுக்காக, சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் 'ஒரே நாடு ஒரே சந்தா' இதழ்களைப் படிக்க வழிசெய்யுமாறு மாநில அரசு மத்திய அரசிடமும் பதிப்பகங்களிடமும் பேச வேண்டும். அதன் பிறகு மாவட்ட மைய நூலகங்களுக்கும் கொண்டுபோகலாம்.

பயிற்சி என்றால் அரங்கத்தில் மைக் பிடித்துப் பேசுவது வேண்டாம். ஜூலை மாதம் ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு மணி நேரம் கணினி அறையில் ஒதுக்குங்கள். உங்கள் ஊரைப் பற்றி ஒரு நூல், ஒரு கட்டுரை, ஓர் ஆய்வேடு கண்டுபிடியுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். துறை ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்; ஏனென்றால் கண்மாய்க்கு டேங்க் என்றும் மடைக்கு ஸ்லூஸ் என்றும் சொல்லிக்கொடுக்க அவரால்தான் முடியும். இந்தச் சொல் இணைகளை ஒவ்வொரு துறையும் ஒரு பக்கத்தில் எழுதி நூலகத் தளத்தில் போட்டுவைத்தால், அடுத்த ஆண்டு வருபவர் தடுமாற மாட்டார்.

கடைசியாக, மாணவர்கள் எழுதியதையும் தளத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் பல ஆண்டு முதுகலை ஆய்வேடுகள் துறை அறைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. ஊர்க் கோயில், தறிக்கூடம், வாரச் சந்தை, வழக்கொழிந்த பாட்டு என்று வேறெங்கும் கிடைக்காத செய்திகள் அவற்றில் உண்டு. அந்த மாணவியின் ஆய்வேடும் எங்கள் துறையின் இரும்பு பீரோவில்தான் இருக்கிறது. அவர் தாத்தா சொன்ன மடைக் கணக்குகள் அதில் பன்னிரண்டு பக்கங்களுக்கு இருக்கின்றன. இந்தப் பருவ விடுமுறையில் அவருடைய ஒப்புதலோடு அதை முதலாவதாக ஏற்ற நூலகரிடம் கேட்டிருக்கிறேன். பொருள் என்ற இடத்தில் கண்மாய், கம்மாய், ஏரி, குளம், டேங்க் என ஐந்து சொற்களையும் போட்டு.